மகள் என்ற சொல்லின் நடுவில் ஒரு கோடு

9 ஜனவரி 1989, திங்கள்

காலையிலிருந்து மழை. மகள் பிலோவை அம்மாவிடம் விட்டுவிட்டு, குவீன்ஸ்டவுன் ரயில் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் செருப்பெல்லாம் தண்ணீர். ஐந்து மாத வயிற்றோடு குடையையும் பையையும் பிடித்துக்கொண்டு நடப்பது லேசில்லை. தாசன் வழக்கம்போல் பத்தடி முன்னால்.

ஆஸ்பத்திரியில் இன்றும் அதே சண்டை. கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் இரண்டே பேர், நானும் என் புருஷன் தாசனும். எங்களுக்கு மேலதிகாரி மிஸ்டர் கோ. நோயாளிகளின் பதிவு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பெரிய புரோகிராம் என்னுடையது, சி மொழியில் எழுதியது; கம்பைலர் பிழை பார்த்து விட்டால்தான் ஓடும். அதிலிருந்து வருவதை எடுத்து வெட்டி ஒட்டி, வார்டுக்கு வேண்டிய பட்டியலாக்கும், எழுதியதும் ஓடும் குட்டி ஸ்கிரிப்ட்கள் தாசனுடையவை. இன்று சமையலறையிலிருந்து யார் யாருக்கு உப்பில்லாச் சாப்பாடு என்று தனிப் பட்டியல் கேட்டார்கள். என் புரோகிராமில் சேர்த்து, கம்பைல் செய்து, சோதித்து, ஞாயிற்றுக்கிழமை ஏற்றித் தருகிறேன் என்றேன்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பேஷண்ட்டெல்லாம் பட்டினி கிடப்பாங்களா?" என்றார் தாசன். மத்தியானத்துக்குள் நாலு வரி எழுதி ஓட்டிக் காட்டிவிட்டார். மிஸ்டர் கோவுக்கு வாயெல்லாம் பல். "யுவர் ஹஸ்பண்ட் வெரி ஃபாஸ்ட் லா, பிரிஜட்."

திரும்பி வரும்போது தாசன் சொன்னது: "கம்பைலர் உங்கம்மா மாதிரி. எதுக்கெடுத்தாலும் ஏன், எதுக்குன்னு நிறுத்தி வச்சுக் கேக்கும். ஸ்கிரிப்ட் எங்கம்மா மாதிரி. சரிப்பா, சரிப்பான்னு போயிட்டே இருக்கும்."

சிரித்தேன். மாமியாரைப் பற்றிச் சொன்னது உண்மைதான்.

12 ஜனவரி, வியாழன்

கேன்டீனில் சம்சுன்னிசா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிரசவ வார்டின் மூத்த நர்ஸ். மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே சும்மா பேச்சுக்குச் சொன்னார்.

"நம்ம பொம்பளைங்க ரத்தமெல்லாம் மாறிப்போச்சு போல. முன்னாடி நெகடிவ் ரத்த லிஸ்ட்டுன்னா பாதி நம்ம பேராத்தான் இருக்கும். சீனப் பொம்பளைங்கள்ல ரொம்ப அபூர்வம். இப்ப பாரு, யூரேஷியன் வருது, பஞ்சாபி வருது. தமிழ்ப் பேரே வர்றதில்ல."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் ஏதோ உறுத்தியது. ஏன் வருவதில்லை?

எனக்கே நெகடிவ்தானே.

13 ஜனவரி, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் தாசன் மீட்டிங் போயிருந்தார். நெகடிவ் பட்டியல் எடுக்கும் அவருடைய ஸ்கிரிப்டைத் திறந்து படித்தேன். புருஷன் சட்டைப் பையைத் துழாவுவது போலக் கூச்சமாக இருந்தது. படித்தால் ஒரு தப்பும் இல்லை, அழகாகவே எழுதியிருக்கிறார். என் புரோகிராம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி தரும்: படுக்கை, பெயர், ரத்த வகை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சாய்வுக்கோடு. அந்தக் கோட்டில் வெட்டி, மூன்றாவது துண்டில் நெகடிவ் குறி இருந்தால் பெயரைப் பட்டியலில் சேர்க்கிறது ஸ்கிரிப்ட். ஏ, பி, ஏபி, ஓ தவிர வேறு எழுத்தில் தொடங்கினால் சத்தம் போடவும் சொல்லியிருக்கிறார். அவ்வளவு ஜாக்கிரதை.

என் புரோகிராமுக்கு அந்தக் கோடு தேவையே இல்லை. பெயர் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடியும் என்று அதற்குத் தெரியும். "கண்ணுக்குத் தெரியற மாதிரி நடுவுல ஏதாவது போட்டுக் குடு" என்று அவர் கேட்டதற்காக நான் போட்ட கோடு.

சோதித்துப் பார்த்த பெயர்களும் அங்கேயே இருந்தன. டான், லிம், வோங். ஒரு அகமது பின் யாரோ.

சும்மா என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். அடையாள அட்டையில் உள்ளபடியே: பிரிஜட் டி/ஓ இஞ்ஞாசி. இஞ்ஞாசியின் மகள் பிரிஜட். ரத்தம், ஏ நெகடிவ்.

திரையில் வந்தது: பெயர், பிரிஜட் டி. ரத்தம், ஓ இஞ்ஞாசி.

என் அப்பாவுக்கு நான் மகள் என்பதை ஸ்கிரிப்ட் இரண்டாக வெட்டி, பின்பாதியை என் ரத்தம் என்று எடுத்துக்கொண்டது. ஓ சரியான எழுத்துதானே, சத்தம் போடவில்லை. நெகடிவ் குறி இல்லை, பட்டியலில் சேர்க்கவில்லை. டி/ஓ போட்ட தமிழ்ப் பெண் ஒவ்வொருத்தியும் இப்படித்தான் விழுந்திருக்கிறாள். பட்டியலில் இல்லையென்றால் பிரசவத்துக்குப் பிறகு நெகடிவ் தாய்க்குப் போடும் தடுப்பு ஊசி கிடையாது. மூன்று நாளுக்குள் போடாவிட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். "அக்கா, லிஸ்ட்டப் பாக்காதீங்க. கேஸ் நோட்டப் பாருங்க. இன்னைக்குப் படுத்திருக்கிறவங்கள்ல நெகடிவ் யாரு?" அக்கா என் முகத்தைப் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. புதன்கிழமை பிள்ளை பெற்ற ஒரு சின்னப் பெண் இருந்தாள். என் கண் முன்னாலேயே ஊசியைப் போட்டார்கள். இன்னும் நேரம் இருந்தது.

இறங்கி வந்து ஸ்கிரிப்டைத் திருத்தினேன். கோட்டை நம்பாதே, இடத்தைப் பார்த்து வெட்டு என்று. ஒரே வரி.

அந்த ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிய பிறகுதான் பிலோ பிறந்தாள். எனக்கு அந்த ஊசி போட்டார்களா? பிள்ளை பெற்ற அந்த மூன்று நாளில் எத்தனையோ ஊசி. எது எதற்கென்று யார் கேட்டது? இந்தத் தடவை முதல் முறை போனபோது டாக்டர் பரீதா கேட்டார், போன தடவை போட்டார்கள்தானே என்று. போட்டார்கள் என்றேன். எங்கள் பட்டியல் இருக்கிறதே என்ற திமிரில் சொன்னேன்.

தாசனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லப் பயம்.

14 ஜனவரி, சனி

சிராங்கூன் ரோட்டில் பொங்கல் கூட்டம். கரும்பு கட்டுக்கட்டாகச் சாத்தி வைத்திருந்தார்கள், நடக்க இடமில்லை. வீட்டில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது தாசனிடம் சொன்னேன். நாலு பேர் நடுவில் அழ மாட்டேன் என்ற தைரியம்.

முதலில், "போட்டுருப்பாங்க. கண்டிப்பா போட்டுருப்பாங்க லா," என்றார்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "என் ஸ்கிரிப்ட்ட நீ ஏன் திறந்த?"

அப்புறம், "கோடு போட்டது நீ."

"வெட்டுனது நீங்க."

கரும்புக்காரர் திரும்பிப் பார்த்தார். கறிவேப்பிலையையும் பூசணிக்கீற்றையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமல் தாசன் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஐசி கார்டுல அந்தக் கோடு இருக்கு. எனக்கு எஸ்/ஓ, உனக்கு டி/ஓ. டெஸ்ட் பண்ண நமக்கே ஒரு தமிழ்ப் பேர் தோணலயே, பிரிஜட்."

15 ஜனவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனோம். எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

16 ஜனவரி, திங்கள்

மிஸ்டர் கோவிடம் இருவரும் சேர்ந்தே சொன்னோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர்களிடம் சொல்வார்களாம், ஊசி போடாமல் விட்டவர்களுக்குப் பரிசோதனைக்கு வரச்சொல்லி ஆள் விடுவார்களாம். ஏன் வரச்சொல்கிறோம் என்று சொல்ல மாட்டார்களாம். கடைசியில் ஆங்கிலத்தில், மிக மெதுவாக: வெளியே ஒரு வார்த்தை போனாலும் உங்கள் இருவருக்கும் இங்கே வேலை இல்லை. வீட்டில் இரண்டு சம்பளமும் இந்த ஒரு வாசலிலிருந்துதான் வருகிறது என்பது அவருக்கும் தெரியும்.

சாயங்காலம் டாக்டர் பரீதாவிடம் போனேன். என் பழைய கேஸ் நோட்டை வரவழைத்திருந்தார். ஊசி போட்டதாக எங்கும் இல்லை.

"போட்டாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா டாக்டர்."

அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். எனக்கு நெகடிவ், பிலோவுக்கு அவள் அப்பாவைப் போலப் பாசிடிவ். அவள் பிறந்தபோது அவள் ரத்தம் கொஞ்சம் என்னுள் கலந்திருக்கும். என் உடம்பு அதை எதிரி என்று கற்றுக்கொண்டிருந்தால், இப்போது உள்ளே இருக்கிற குழந்தையின் ரத்தத்தை அழிக்கத் தொடங்கும். இதைத் தமிழில் எனக்குச் சொல்லிவிட்டு, அந்த எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்க அனுப்பினார். அக்டோபரில் எடுத்தபோது ஒன்றும் இல்லை, ஆனால் அதை வைத்து நிம்மதி அடைய முடியாதாம்.

20 ஜனவரி, வெள்ளி

இருக்கிறது.

21 ஜனவரி, சனி

நேற்று அந்த ஒரு சொல்லுக்கு மேல் எழுத முடியவில்லை. இப்போது குறைவாகத்தான் இருக்கிறதாம். வாராவாரம் பார்ப்பார்களாம். குழந்தைக்கும் நெகடிவ்வாக இருக்கலாம், அப்படியானால் பயமில்லை என்றார் டாக்டர். தாசன் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

குழந்தை உதைக்கும்போதெல்லாம் முன்பு சந்தோஷம். இப்போது உதைக்காவிட்டால் பயம், உதைத்தாலும் பயம். எம்புள்ளய நானே உள்ள இருந்து தின்னுட்டிருக்கேனா? எம்புள்ளயத்தானே — வேண்டாம். நிறுத்துகிறேன்.

8 பிப்ரவரி, புதன்

நெற்றியில் தவக்காலச் சாம்பலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அளவு கூடியிருக்கிறது. குழந்தை நெகடிவ் என்ற பேச்சு முடிந்தது.

20 பிப்ரவரி, திங்கள்

தாசன் ஸ்கிரிப்ட் எழுதுவதை விட்டுவிட்டார். பழைய பட்டியல்களை ஒவ்வொன்றாகச் சி மொழியில் திருப்பி எழுதுகிறார். பழக்கமில்லாத வேலை, தடுமாறுகிறார். கம்பைலர் பக்கம் பக்கமாகப் பிழை காட்டுகிறது. உப்பில்லாச் சாப்பாட்டுப் பட்டியலுக்கு ஒரு வாரம் ஆயிற்று. மிஸ்டர் கோ இப்போது வெரி ஃபாஸ்ட் என்று சொல்வதில்லை.

"விடுங்களேன்," என்றேன்.

"இதாவது என்ன நிறுத்தி வச்சுத் திட்டுது. திட்டட்டும்."

"இதுவும் கண்டுபிடிச்சிருக்காதுங்க. ஓங்கிறது சரியான எழுத்துதான். கம்பைலர் என்ன சொல்லியிருக்கும்?"

ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். என் புரோகிராமைத் தனியாக ஓட்டினால் சரி. அவர் ஸ்கிரிப்டைத் தனியாக ஓட்டினாலும் சரி. இரண்டும் கைகோத்த இடத்தில் எங்கள் பெயர் அறுந்துவிட்டது. அங்கே யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? அவர் நான் பார்ப்பேன் என்று இருந்தார், நான் அவர் பார்ப்பார் என்று இருந்தேன்.

தாசன் இப்போதெல்லாம் என் வயிற்றைப் பார்ப்பதே இல்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

2 மார்ச், வியாழன்

சம்சு அக்கா மாடிப்படியில் நிறுத்தினார். ஈசூனில் முத்தாயி என்று ஒரு பெண். பிலோ பிறந்த சமயத்தில் தலைப்பிள்ளை பெற்றவள். போன நவம்பரில் இரண்டாவது, வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அப்போது யாருக்கும் காரணம் தெரியவில்லை. இப்போது தெரியும். பரிசோதனைக்கு வரச்சொல்லி ஆள் விட்டும் அவள் வரவில்லை.

"மாமியார்க்காரி அவள ராசியில்லாதவன்னு சொல்லிட்டுத் திரியுதாம். நான் போய்ச் சொன்னா என் லைசென்ஸ் போயிரும், புள்ள." அக்கா முகவரியைச் சொல்லிவிட்டு, சொல்லாதவர் போல மேலே போய்விட்டார்.

நான் ஏன் போக வேண்டும்? இந்த வயிற்றோடு அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பேன்?

4 மார்ச், சனி

போனேன். ஈசூன் வரைக்கும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதற்கே நன்றி. பிளாக் நம்பர் பார்த்துப் பார்த்துப் போய்க் கதவைத் தட்டும்போது யாரும் இல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

முத்தாயிதான் திறந்தாள். என்னைவிடச் சின்னவள். மாமியார் மார்க்கெட் போயிருந்தார். என் வயிற்றைப் பார்த்ததும் அவள் பார்வை சுவருக்குப் போய்விட்டது. ஆனாலும் உட்காரச் சொன்னாள், மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

சொன்னேன். கோடு, பெயர், ஊசி. எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாக. எனக்கும் அதே கதிதான் என்றும் சொன்னேன். கத்துவாள், வெளியே போ என்பாள், மிஸ்டர் கோவுக்குப் போன் போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

அவள் பார்வை சுவரிலிருந்து என்னிடம் திரும்பியது. பிறகு கேட்டாள்:

"அப்ப எம்மேல தப்பு இல்லையா, மேடம்?"

"இல்லம்மா."

"நான் மாசமா இருக்கும்போது துணி அலசித் தூக்கினேன். அதனாலன்னு சொன்னாங்க."

"அதனால இல்ல."

"நெசமா?"

"நெசமா."

அப்போதுதான் அழுதாள். நானும். லிஃப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. இனி அவள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். எங்கள் வேலை அவள் கையில். தாசனிடம் வந்து சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நானும் வந்திருக்கணும்," என்றார்.

15 மார்ச், புதன்

வயிற்றில் நீள ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தாசன் கையைப் பிடித்திருந்தார். நீர் மஞ்சளாக இருந்தது. அது எப்படி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

24 மார்ச், பெரிய வெள்ளி

இந்த வருஷம் சிலுவைப்பாதை முழுக்க நிற்க முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தாங்குகிற வரைக்கும் உள்ளே இருக்கட்டும், அப்புறம் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். தாங்குகிற வரைக்கும் என்பது எது வரைக்கும்? கேட்டால் அவருக்கும் தெரியாது.

19 ஏப்ரல், புதன்

எழுத முடிந்தது இன்றுதான்.

திங்கட்கிழமை எடுத்துவிட்டார்கள். ஆண் குழந்தை. அழுதான், ஆனால் பூனைக்குட்டி அழுவது போல. பிறந்து சில மணி நேரத்தில் மஞ்சள் ஏறத் தொடங்கியது. அவன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, வேறு யாரோ கொடுத்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏற்றினார்கள். என்னை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு குழாய்.

தாசன் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடியே நின்றார். சம்சு அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தும் திரும்பவில்லை.

பயம் என்று இத்தனை நாள் எழுதியதெல்லாம் பயமே இல்லை.

22 ஏப்ரல், சனி

மஞ்சள் குறைகிறது. எழுதவே தயக்கமாக இருக்கிறது. குறைகிறது.

29 ஏப்ரல், சனி

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவனை இன்னும் விடவில்லை. தினமும் இரண்டு பேரும் போகிறோம். இன்று அரை அவுன்ஸ் கூடுதலாகக் குடித்தான். அடுத்த வாரம் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் டாக்டர் பரீதா. இனி உங்களுக்கு வேறு பிள்ளை வேண்டாம் என்றும் சொன்னார். சரி என்றேன்.

பார்வையாளர் நேரத்தில் முத்தாயி வந்தாள். முன்னால் அவள் மாமியார், கைவீசி நடந்து. பின்னால் முத்தாயி, இடுப்பில் பிள்ளை, ஒரு கையில் கனமான பை. நாங்கள் இங்கே இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. சம்சு அக்காவாகத்தான் இருக்கும்.

நலம் விசாரிக்கவில்லை. நேராக வந்தாள். "மேடம், அன்னைக்கு வீட்ல எங்கிட்டச் சொன்னீங்கல்ல. அத இவங்ககிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."

ஆஸ்பத்திரி நடுக்கூடம். இரண்டு நர்ஸுகள், யாரோ ஒரு டாக்டர். கீழ்மாடியில் மிஸ்டர் கோவின் அறை. வாயைத் திறந்தேன். அதற்குள் தாசன் எழுந்தார். இந்த மூன்று மாதமாக யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷன்.

"நான் சொல்றேம்மா. நான்தான் எழுதுனேன். உங்க மருமக பேர்ல, இன்னாரோட மகள்னு எழுதுற இடத்துல ஒரு கோடு வருது. அந்தக் கோட்டுல கம்ப்யூட்டர வெட்டச் சொல்லிட்டேன். அதனால அவங்க ரத்தம் என்னன்னு தப்பா விழுந்துருச்சு, போட வேண்டிய ஊசியப் போடல. புள்ள போனது அதனாலதான். அவங்க எதத் தூக்குனதாலயும் இல்ல."

"கோடு போட்டது நான்," என்றேன்.

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பக்கம் போய் உள்ளே பார்த்தார்.

"உங்க புள்ளைக்கும் இதேதானா?"

"ஆமாம்மா," என்றார் தாசன்.

வெகுநேரம் அங்கேயே நின்றார். நர்ஸுகள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மிஸ்டர் கோவுக்கு இந்நேரம் விஷயம் போயிருக்கும். திங்கட்கிழமை மே தின விடுமுறை, செவ்வாய்க்கிழமை கூப்பிடுவார். அதை நினைத்தேன், பயம் வரவில்லை.

அந்த அம்மா திரும்பி வந்து முத்தாயி பக்கத்தில் நின்றார். "பைய இப்படிக் குடு," என்று வாங்கிக்கொண்டார். "ஈசூன் போய்ச் சேர நேரமாவும். வா."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து லிஃப்டுக்குப் போனார்கள்.